இக்போ, யொரூபா, லாகோஸ்: யார் வந்தேறி, யார் மண்ணின் மைந்தர்?

நைஜீரியாவின் லாகோஸ் மாநிலத்தின் இரண்டு தேர்தல் முடிவுத்தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். 2023 பிப்ரவரி 25, ஜனாதிபதித் தேர்தல்: லேபர் கட்சியின் பீட்டர் ஓபிக்கு 5,82,454 ஓட்டு, ஏபிசி கட்சியின் போலா டினுபுவுக்கு 5,72,606. இரண்டு முறை ஆளுநராக இருந்த சொந்தக் கோட்டையில் டினுபு 9,848 ஓட்டில் தோற்றார். நாடு முழுக்க எண்ணியபோது ஜெயித்து ஜனாதிபதியானார். மூன்றே வாரம் கழித்து, மார்ச் 18, அதே லாகோஸில் ஆளுநர் தேர்தல். ஏபிசியின் சான்வோ-ஒலு 7,62,134. லேபர் கட்சியின் க்பாடெபோ ரோட்ஸ்-விவோர் 3,12,329. லேபர் கட்சி 2,70,000 ஓட்டுக்கு மேல் இழந்தது, ஏபிசி 1,89,000 ஓட்டுக்கு மேல் கூடுதலாகப் பெற்றது.

“முதல் தேர்தலில் இக்போக்காரர்கள் ஓபிக்குக் குத்தினார்கள், அடுத்ததில் யொரூபாக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்” என்பதுதான் லாகோஸ் டான்ஃபோ வேனிலிருந்து அலுவலகச் சாப்பாட்டு மேஜைவரை கேட்கும் விளக்கம். இக்போக்கள் நாட்டின் தென்கிழக்கைப் பூர்வீகமாகக் கொண்ட இனம், ஓபி அவர்களில் ஒருவர். யொரூபாக்கள் லாகோஸ் அடங்கிய தென்மேற்கின் இனம், டினுபு அவர்களில் ஒருவர். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். ஓபி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்று எட்டி-ஓசா. லெக்கியும் விக்டோரியா தீவும் அதில்தான் வருகின்றன. அங்கே விழுந்த ஓட்டில் பெரும்பங்கு சம்பளக்கார இளைஞர்களுடையது. 2020 அக்டோபர் 20 அன்று லெக்கி சுங்கச்சாவடியில் காவல்துறை அராஜகத்தை எதிர்த்த போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்ததை மறக்காதவர்கள் அவர்கள். அவர்களில் யொரூபா வீட்டுப் பிள்ளைகளும் ஏராளம். மார்ச் மாதம் தோற்ற ரோட்ஸ்-விவோரோ லாகோஸின் பழைய யொரூபாக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தாயும் மனைவியும் இக்போ. அவருடைய நடுப்பெயர் சினெடு. பிரச்சாரத்தில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது அந்த ஒரு பெயரைத்தான்.

நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் ஆறு மாதத்துக்குள் இந்தப் பேச்சில் மாட்டிக்கொள்வார்கள். பிரிவுக்குத் தலைவர் யொரூபா, பொருள் சப்ளை செய்பவர் இக்போ, ஓட்டுநர் எடோ அல்லது இஜோ என்று அமையும். ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். அந்தச் சூத்திரங்களை நம்பி ஆள் எடுப்பதும், கடன் கொடுப்பதும், தேர்தல் முடிவைக் கணிப்பதும்தான் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. இன விசுவாசம் அங்கே நிஜமானது, அதை மறுப்பது பேதைமை. ஆனால் அது எந்நேரமும் கொதித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு ஊரில் யார் சொந்தக்காரர், யார் வந்து குடியேறியவர் என்ற கேள்வியை யாராவது தொட்டால்தான் கொதிக்கிறது. அந்தக் கேள்வி ஒரே இனத்துக்குள்ளும் அதே வேகத்தில் வெடிக்கும் என்பதை லாகோஸ்காரர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

பெயர் சொல்லும், முழுக்கச் சொல்லாது

சுக்வு, சி, ன்னா, இகே என்று வந்தால் இக்போ. அடே, ஒலு, அயோ, துண்டே என்று வந்தால் யொரூபா. இவ்வளவும் சரி. இஃபே என்று தொடங்கும் பெயர்தான் முதல் பொறி. இஃபேயோமா இக்போப் பெண், இஃபேயோலுவா யொரூபாப் பிள்ளை. முதலாவதில் ‘இஃபே’ என்றால் பொருள், இரண்டாவதில் அன்பு. இக்போவில் கோலாக்கொட்டைக்கு ஓஜி என்று பெயர். யொரூபாவில் அதுவே ஓபி! பீட்டர் ஓபியின் ஓபியோ இக்போவில் நெஞ்சத்தையும் வீட்டுக் கூடத்தையும் குறிக்கும் சொல். பிறந்த ஊரும் வழிகாட்டாது. இக்போத் தலைவர் ன்னாம்டி அஸிகிவே 1904-இலும், நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற கிழக்குப் பகுதியான பியாஃப்ராவின் தலைவர் ஒடுமெக்வு ஓஜுக்வு 1933-இலும் பிறந்தது வடக்கே ஸுங்கேரு என்ற ஊரில். அஸிகிவே ஹவுசா, இக்போ, யொரூபா மூன்றும் பேசினார்.

இனப்பெயருக்கு அடியில் ஊர்ப்பெயர் இருக்கிறது. அரசியல் அங்கேதான் நடக்கிறது. யொரூபா என்று இன்று ஒரே குடையின் கீழ் வரும் மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஓயோ, இபாடான், எகிட்டி, இஜெஷா, எக்பா, இஜெபு என்று பிரிந்து தங்களுக்குள் போரிட்டவர்கள். இபாடானுக்கும் எகிட்டி–இஜெஷா கூட்டணிக்கும் நடந்த கிரிஜிப் போர் 1877-இல் தொடங்கி 1893 வரை இழுத்தது. அதன் தழும்பை 1950-களின் ஓட்டுப்பெட்டியிலேயே பார்க்கலாம். யொரூபாக்களின் தனிப்பெரும் தலைவர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்ட ஒபாஃபெமி அவொலொவோ இஜெபு-ரெமோ பகுதிக்காரர். இபாடான் நகரம் அவருடைய ஆக்‌ஷன் குரூப் கட்சியைப் பிடிவாதமாக ஒதுக்கிவிட்டு, அஸிகிவேயின் என்சிஎன்சி கட்சியோடு நின்றது. காரணம் எளியது: இபாடானில் நிலம் வாங்கி, கடை வைத்து, வக்கீல் தொழில் செய்து முன்னேறிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் இஜெபுக்கள். மண்ணின் மைந்தர்களுக்கு அது உறுத்தியது. இபாடான் அரசியல்வாதி அடெகோகே அடெலாபு அந்த உறுத்தலைத்தான் அரசியலாக்கினார். 1954 மத்தியத் தேர்தலில் மேற்குப் பிராந்தியத்திலேயே ஆக்‌ஷன் குரூப்பைவிட என்சிஎன்சி அதிக இடம் பிடித்தது. ‘இக்போக் கட்சி’ யொரூபா மண்ணில் ஜெயித்தது என்றால் அதன் பின்னால் யொரூபாவுக்கு யொரூபா இருந்த மனத்தாங்கல் இருந்தது.

இக்போப் பக்கமும் இதே கதைதான். ஒனிட்சா நகரத்துப் பூர்வகுடிகளுக்கும், உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து அங்கே வணிகம் பிடித்த மற்ற இக்போக்களுக்கும் நகரமன்ற உரிமை குறித்து 1950-களில் நடந்த சண்டை, இன்று லாகோஸில் கேட்கும் வாதங்களின் அச்சுப்பிரதி. 2011-இல் அபியா மாநில அரசு, தன் ஊழியர்களில் அபியாவைச் சேராதவர்களை “உங்கள் மாநிலத்துக்குப் போங்கள்” என்று அனுப்பியது. அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் பக்கத்து மாநில இக்போக்கள். எல்லையோரத்தில் இன்னும் நுணுக்கம். ரிவர்ஸ் மாநிலத்து இக்வெர்ரேக்களும் டெல்டாவின் அனியோமாக்களும் பேசுவது இக்போவுக்கு மிக நெருங்கிய மொழி. “நாங்கள் இக்போ” என்று சொல்பவரும் “நாங்கள் வேறு” என்று சொல்பவரும் அங்கே ஒரே தெருவில் இருப்பார்கள். அவர்களாகச் சொல்லும்வரை நாம் பெயர் சூட்டக் கூடாது.

மதத்தையும் சொல்லிவிட வேண்டும். யொரூபாக்களில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் கிட்டத்தட்டச் சரிபாதி, ஒரே வீட்டில் அண்ணன் ஹாஜியாரும் தம்பி பாஸ்டருமாக இருப்பார்கள். அதனால் மதம் அங்கே தனி ஓட்டுவங்கியாக எளிதில் மாறுவதில்லை. இக்போக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆனால் அனம்ப்ரா மாநிலத்தில் ஆளுநர் வேட்பாளர் கத்தோலிக்கரா ஆங்கிலிக்கனா என்பது தெருவெல்லாம் பேசப்படும் விஷயம்.

இரண்டு பக்கமும் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம்

ஒரு தேதியைச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் எந்தப் பக்கத்துக் கணக்கில் வளர்ந்தவர் என்று தெரிந்துவிடும். அந்தத் தேதிகளை இரு பக்கத்துக் கதையோடும் சேர்த்து அறிந்துகொள்வது நைஜீரியாவில் மொழி கற்பதற்குச் சமம்.

1941-ஐ எல்லாரும் தவறாகவே சொல்வார்கள். நைஜீரிய இளைஞர் இயக்கம் உடைந்த வருடம் அது. சட்டமன்றத்தின் ஒரு லாகோஸ் இடத்துக்கு இரண்டு பேர் மோதினார்கள்: எர்னஸ்ட் இகோலி என்ற இஜோக்காரர், சாமுவேல் அகின்சான்யா என்ற இஜெபு யொரூபா. இக்போவான அஸிகிவே ஆதரித்தது யொரூபாவை! இஜெபுவான அவொலொவோ ஆதரித்தது இஜோவை. இனச்சண்டையின் பிறந்தநாள் என்று சொல்லப்படும் நிகழ்விலேயே தலைவர்கள் குறுக்கே நின்றார்கள். இகோலி ஜெயித்தபின், அகின்சான்யா இஜெபு என்பதால் ஒதுக்கப்பட்டார் என்று சொல்லி அஸிகிவே வெளியேற, இக்போக்களும் இஜெபுக்களும் அவரோடு போனார்கள். அரசியல் இனமாக மாறியது அந்த நடையில்தான்.

அடுத்து 1951. மேற்குப் பிராந்தியச் சட்டமன்றத் தேர்தல். லாகோஸ் அப்போது மேற்கோடு சேர்ந்திருந்தது. அதன் ஐந்து இடத்தையும் என்சிஎன்சி பிடித்தது. ஐவரில் அஸிகிவே ஒருவர், மற்ற நால்வரும் யொரூபாக்கள். 1952 ஜனவரியில் இபாடானில் அவை கூடியபோது, என்சிஎன்சி தன் ஆட்கள் என்று எண்ணியிருந்த பலர் ஆக்‌ஷன் குரூப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். இபாடான் மக்கள் கட்சியின் ஆறு பேரில் ஐவர் அந்தப் பக்கம் போக, அடெலாபு மட்டும் அஸிகிவேயோடு நின்றார். இக்போ வீடுகளில் இது “கம்பளம் தாண்டிய கதை”. இக்போ என்பதற்காகவே எங்கள் தலைவரின் பிராந்தியப் பிரதமர் பதவியைப் பறித்தார்கள் என்று பேரன் பேத்திக்குச் சொல்கிறார்கள். யொரூபாப் பக்கம் சொல்வது: அந்த ஐவரும் சுயேச்சைக் கட்சிக்காரர்கள், எந்தப் பக்கமும் சேரும் உரிமை உள்ளவர்கள், பெரும்பான்மை முதலிலிருந்தே எங்களுக்குத்தான். இரு தரப்பும் வேகமாகக் கடந்துபோகும் விவரம் ஒன்று உண்டு. மத்திய அவைக்கு லாகோஸிலிருந்து இரண்டு பேர் போகலாம் என்றிருந்தபோது, அஸிகிவேக்காக விலகிக்கொள்ள மறுத்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். அவர் கிழக்கே திரும்பிப் போய், 1953-இல் எஃபிக் இனத்தவரான எயோ இட்டாவைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு அங்கே அமர்ந்தார். மேற்கில் தங்களுக்கு நடந்ததாக இக்போக்கள் சொல்லும் அநியாயத்தை, அடுத்த வருடமே எஃபிக்குகளின் ஊரான கலபார் மக்கள் இக்போக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். கிழக்கின் சிறுபான்மையினர் இன்றும் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு வேரைத் தேடினால் இங்கே வந்து நிற்க வேண்டும்.

1966-லிருந்து 1970 வரை வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பியாஃப்ராப் பிரிவினைப் போரில் ஆள் சாகாத இக்போக் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1967 மே 1 அன்று அவொலொவோ, கிழக்கு பிரிந்துபோக விடப்பட்டால் மேற்கும் லாகோஸும் விலகியாக வேண்டும் என்ற பொருளில் பேசினார். சில நாளில் எனுகு சென்று ஓஜுக்வுவையும் சந்தித்தார். மே 30-இல் பியாஃப்ரா அறிவிக்கப்பட்டது, மேற்கு அசையவில்லை. ஜூனில் அவொலொவோ ராணுவ ஆட்சித்தலைவர் கோவனின் மத்திய அரசில் நிதிப் பொறுப்பேற்றார். “கூட வருவதாகச் சொல்லிக் கைவிட்டார்கள்” என்பது இக்போக் கணக்கு. “விடப்பட்டால் என்றுதான் சொன்னார், கிழக்கைப் போக விடவில்லையே, பிறகென்ன வாக்குறுதி” என்பது யொரூபாக் கணக்கு. அதன்பின் முற்றுகை, பட்டினி, 1968 ஜனவரியில் நாணயத்தாள் மாற்றம், போர் முடிந்ததும் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒருவருக்கு 20 பவுண்டு மட்டும் என்ற உத்தரவு. இக்போ முதலாளிகள் கையில் காசில்லாமல் நின்ற அந்த நேரத்தில், 1972-இல், வெளிநாட்டு நிறுவனப் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கச் சொல்லும் ஆணை வந்தது. வாங்கக் கூடியவர்கள் வாங்கினார்கள். 20 பவுண்டு என்ற சொல் இக்போ வணிகர் வாயில் ஏன் இன்றும் கசக்கிறது என்பதற்கு இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

அதே புத்தகத்தில் வேறு பக்கங்களும் உண்டு. அவற்றைப் புரட்டுபவர் குறைவு என்பதுதான் மனத்தை வருத்துகிறது. 1966 ஜூலை 29, இபாடானில் அப்போதைய ராணுவ ஆட்சித்தலைவரான இக்போத் தளபதி அகுயி-இரோன்சியைக் கலகப்படையினர் பிடித்தபோது, விருந்தளித்த மேற்கு ஆளுநர் அடெகுன்லே ஃபஜுயி என்ற யொரூபா அவரோடு சேர்ந்து உயிரை விட்டார். பியாஃப்ராப் படையை 1967 ஆகஸ்டில் மேற்கிலுள்ள ‘ஓரே’ என்ற ஊர்வரை நடத்திப் போனவர் விக்டர் பாஞ்சோ, அவரும் யொரூபா. அடுத்த மாதமே பியாஃப்ரா அரசு அவரைத் துரோகி என்று சுட்டுக் கொன்றது. போர் முடிந்து இக்போக்கள் திரும்பியபோது போர்ட் ஹார்கோர்ட்டில் அவர்களுடைய வீடுகள் “கைவிடப்பட்ட சொத்து” என்று பறிபோயின. லாகோஸில் பலருக்கு வீடு மட்டுமல்ல, மூன்று வருட வாடகையும் யொரூபா அண்டைவீட்டாரிடமிருந்து கிடைத்தது. இந்த வித்தியாசம்தான் இக்போ முதலீட்டை மறுபடி லாகோஸுக்குக் கொண்டுவந்தது.

1993 ஜூன் 12-ஐ யொரூபாக்கள் தங்கள் காயமாகச் சொல்வார்கள். யொரூபாவான எம்கேஓ அபியோலா ஜெயித்த ஜனாதிபதித் தேர்தலை ராணுவம் ரத்துசெய்தது; இக்போக்கள் எங்களுக்குத் துணைநிற்கவில்லை என்பது குறை. அபியோலாவை எதிர்த்த டோஃபாவின் துணை வேட்பாளர் ஓர் இக்போ என்பது உண்மை. அபியோலா அனம்ப்ராவில் ஜெயித்தார் என்பதும், அந்தத் தேர்தலை நடத்திய ஆணையத் தலைவர் ஹம்ஃப்ரி ன்வோசு இக்போ என்பதும் அதே அளவு உண்மை. ரத்துக்குப் பின் 1967 திரும்ப வருகிறது என்று பயந்து இக்போக் குடும்பங்கள் லாகோஸை விட்டுக் கிழக்கே ஓடின. “ஓசோ அபியோலா”, அபியோலா ஓட்டம், என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

காகிதம்

இத்தனை நினைவுகளுக்கும் தீனி போடுவது ஒரு சான்றிதழ். உள்ளாட்சி அலுவலகம் கொடுக்கும் பூர்வகுடிச் சான்று. 1999 அரசியலமைப்பின் 318-ஆம் பிரிவு, ஒருவர் ஒரு மாநிலத்தைச் ‘சேர்ந்தவர்’ என்றால் அவருடைய தாய் தந்தையில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அந்த மாநிலத்துப் பூர்வகுடிச் சமூகத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை வருடம் வாழ்ந்தார், வரி கட்டினார் என்பது கணக்கில் இல்லை. 147-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு பூர்வகுடியாவது மத்திய அமைச்சராக வேண்டும் என்கிறது. மத்திய அரசு வேலையும், மத்திய அரசுப் பல்கலைக்கழக இடங்களில் ஒரு பகுதியும் மாநில ஒதுக்கீட்டில் போகின்றன.

நடைமுறையில் என்ன ஆகிறது? லாகோஸில் பிறந்து, அம்மாவைவிட நன்றாக யொரூபா பேசும் மூன்றாம் தலைமுறை இக்போப் பெண், சான்றுக்கு அப்பாவின் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். அவளுக்கு அந்த ஊர் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மட்டும் தெரியும். வேறு மாநிலத்தவரைக் கட்டினால், கணவன் மாநிலத்தில் பதவிக்குப் போகும்போது “நீ இங்கேயவள் இல்லை” என்பார்கள், பிறந்த மாநிலத்தில் “கட்டிக்கொடுத்தாகிவிட்டது” என்பார்கள். லாகோஸ் தன்னை ஏற்காது என்று தெரிந்தவர் பணத்தை ஊருக்கு அனுப்பி அங்கே மாளிகை கட்டுகிறார். “அகு ருவோ உலோ”, செல்வம் வீடு சேர வேண்டும் என்ற இக்போச் சொல் அதற்கு நியாயம் தருகிறது. உடனே யொரூபா அண்டைவீட்டார், “இங்கே சம்பாதித்து அங்கே கட்டுகிறான், இவனுக்கு இந்த ஊர்மேல் என்ன பற்று” என்கிறார். இந்தச் சக்கரத்தைச் சுற்றவிடுவது அரசியலமைப்பு வாசகம். எந்த இனத்தின் குணமும் அல்ல.

ஓட்டுரிமை மட்டும் வேறு. தேர்தல் சட்டப்படி ஒரு பகுதியில் வசிப்பவரோ, வேலை செய்பவரோ, அங்கே பூர்வீகம் உள்ளவரோ அங்கே பதிந்துகொள்ளலாம். சான்று தேவையில்லை. ஆக, லாகோஸ் இக்போவுக்கு ஓட்டு உண்டு, சான்று இல்லை. பெரிய எண்ணிக்கையில் ஓட்டும், கையில் உரிமைப்பத்திரம் இல்லாத நிலையும் சேர்ந்தால் ஒவ்வொரு தேர்தலிலும் உரசல் வரத்தான் செய்யும். 2015 ஏப்ரலில் லாகோஸின் அரசர் ஓபா அகியோலு, தன் வேட்பாளருக்குப் போடாத இக்போக்கள் காயலில் போவார்கள் என்ற பொருளில் பேசியதும் இந்தப் புள்ளியில்தான்.

கடையும் நிலமும் இதோடு ஒட்டியவை. அலாபா மின்னணுச் சந்தை, லடிப்போ உதிரிபாகச் சந்தை, டிரேட் ஃபேர் வளாகம் எல்லாம் இக்போ வணிகர்களால் நடப்பவை. டிரேட் ஃபேர் இருப்பது மத்திய அரசு நிலத்தில். நகர்த்திட்டமிடல் மாநிலத்தின் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மத்திய அரசின் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியவருக்கு, மாநிலக் கட்டட அனுமதி எங்கே என்ற கேள்வி புல்டோசரோடு வருகிறது. வந்ததும் அது இனப்பிரச்சினையாகிறது. அங்கே கிடங்கு வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்கள் நில ஒப்பந்தம், மாநிலக் கட்டட அனுமதி இரண்டின் நகலையும் முன்பணம் தருவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணைப் படிப்பது

இன விகிதத்தைச் சொல்லி ஆரம்பிக்கும் எந்தத் தேர்தல் கட்டுரையையும் அங்கேயே நிறுத்திவிடலாம். 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனமும் மதமும் கேட்கப்படவே இல்லை. லாகோஸில் இக்போக்கள் இத்தனை சதவீதம் என்பவர் ஊகத்தைச் சொல்கிறார்.

முதலில் எத்தனை பேர் ஓட்டுப் போடவில்லை என்று பாருங்கள். 2023-இல் லாகோஸில் பதிவு 70 லட்சத்துக்கு மேல். பிப்ரவரியில் வந்தவர்கள் சுமார் 13.5 லட்சம். ஐந்தில் நான்கு பேர் வீட்டில் இருந்த தேர்தலை வைத்து ‘யொரூபாக்களின் முடிவு’, ‘இக்போக்களின் முடிவு’ என்று பேச முடியாது. மார்ச்சில் இக்போக்கள் நிறைந்த பகுதிகளில் மிரட்டலும் அடிதடியும் நடந்ததைக் கண்காணிப்பாளர்கள் பதிவு செய்தார்கள். முகத்தைப் பார்த்து இக்போ என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப்பட்ட யொரூபாக்களும் உண்டு. லேபர் கட்சியின் ஓட்டுச் சரிவில் எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு பயம் என்று பிரிக்காமல் அந்த எண்ணைப் பயன்படுத்துவது நியாயமில்லை.

அடுத்து, பழைய முடிவுகளோடு ஒப்பிடுங்கள். 1999 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட இருவருமே யொரூபாக்கள். நாடு முழுக்க ஜெயித்த ஒபாசாஞ்சோவைத் தென்மேற்கின் ஆறு மாநிலமும் தோற்கடித்தன, அவர் சொந்த வார்டிலேயே தோற்றார். அவரை ஜெயிக்கவைத்ததில் இக்போ மாநிலங்களுக்குப் பங்குண்டு. 2019-இல் துணை ஜனாதிபதி யொரூபாவாக இருந்தும் ஓயோவும் ஒண்டோவும் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. ஓயோவில் வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு ஓட்டுக்கும் குறைவு. 2023-இலும் ஓசுன் மாநிலம் டினுபுவைக் கைவிட்டு மற்றொரு வேட்பாளரான அடிகுவுக்குப் போனது. “எமி லோகான்”, என் முறை வந்துவிட்டது என்று அபெயோகுட்டாவில் டினுபு முழங்கியதற்கு எல்லா யொரூபாவும் தலையாட்டவில்லை; அஃபெனிஃபெரே என்ற யொரூபா அமைப்பின் மூத்த தலைவர் அயோ அடெபாஞ்சோ வெளிப்படையாக ஓபியை ஆதரித்தார். அதே வேளை எபோன்யி, இமோ மாநிலங்களின் இக்போ ஆளுநர்கள் ஏபிசியில் இருந்தார்கள். தென்கிழக்கின் ஐந்து மாநிலமும் ஓபிக்கு ஒரே அலையாகப் போட்டதற்கு, தேர்தலில் ஜெயித்து நாட்டை ஆண்ட ஜனாதிபதி ஒருவர்கூட இதுவரை இக்போக்களிலிருந்து வரவில்லை என்ற ஏக்கம் பெரிய காரணம். அந்த ஏக்கத்தை வெறும் இனவெறி என்று தள்ளுவோருக்கு நைஜீரியா கடைசிவரை புரியாது.

அலுவலகத்தில்

யொரூபாவில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலவே ‘ஓ’, ‘எ’ என்று மரியாதைப் பிரிவு உண்டு. பெரியவரைக் கண்டால் குனிவதும் மண்டியிடுவதும் இன்றும் வழக்கம். இக்போவில் அந்தப் பிரிவு இல்லை, முகத்துக்கு நேரே பேசுவது நேர்மை என்று வளர்க்கப்படுகிறார்கள். யொரூபா மேலாளர் “இவன் திமிர் பிடித்தவன்” என்று இக்போ ஊழியரைப் பற்றி எழுதித் தந்தாலும், இக்போ மேற்பார்வையாளர் “இவள் மனசில் ஒன்று வாயில் ஒன்று” என்று யொரூபா ஊழியரைப் பற்றிச் சொன்னாலும், பல முறை விஷயம் இந்த இலக்கண வித்தியாசம்தான். குற்றச்சாட்டில் தேதி, செயல், சாட்சி மூன்றையும் எழுதச் சொன்னால் பாதி புகார்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

விண்ணப்பப் படிவத்தில் பூர்வீக மாநிலம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, வசிக்கும் மாநிலம் என்று கேளுங்கள்; தனியார் வேலைக்கு அதற்குமேல் தேவையில்லை. ஒரே ஆள் நேர்காணல் எடுத்தால், எடுக்கப்பட்டவர் எந்த ஊரானாலும் மறுநாள் பேச்சு கிளம்பும். வெவ்வேறு ஊர்க்காரர் இருவரை உட்காரவைத்துத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 1951-ஐயும் 20 பவுண்டையும் அவர்கள் தங்களுக்குள் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. “லாகோஸ் யாருக்கும் சொந்தமில்லாத ஊர்” என்ற வாக்கியத்தை விளையாட்டுக்கும் சொல்லிவிடாதீர்கள், எந்த யொரூபா வீட்டிலும் அது நேரடி அவமதிப்பு.

தேர்தல் வாரத்தில் கம்பெனி வண்டியை எந்தக் கட்சிக்கும் கொடுக்கக் கூடாது; கட்சிகளுக்கு நிறுவனங்கள் நன்கொடை தருவதைக் கம்பெனிச் சட்டமே தடுக்கிறது. வாக்குப்பதிவு நாளான சனிக்கிழமை வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும், சந்தைகள் மூடும். ஜெனரேட்டர் டீசலும் காவலாளிகளின் சாப்பாடும் முந்தைய வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். ஓட்டு காலை 8.30 முதல் மதியம் 2.30 வரை. அட்டை எந்தச் சாவடிக்குப் பதிந்திருக்கிறதோ அங்கேதான் போட முடியும். ஓஜோவில் பதிந்துவிட்டு இகேஜாவில் தங்கியிருப்பவருக்கு அன்று பஸ் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று இரண்டு வாரம் முன்பே கேட்டு, வெள்ளிக்கிழமை மதியமே அனுப்பிவிடுங்கள். யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளுநர் தேர்தலுக்கும் இதே விடுப்பை இதே அளவில் கொடுக்க வேண்டும். முதல் தேர்தலுக்கு விட்டுவிட்டு இரண்டாவதற்கு மறுத்தால், மறுத்த மேலாளரின் ஊர் எது என்ற பேச்சு திங்கட்கிழமை காலை கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கும்.